சோடியம் அயனி பேட்டரி: காப்புரிமை வரைபடத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஓசூர் பாலு

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் நானும் மச்சானும் சேர்ந்து சின்னதாக ஒரு பேட்டரி பேக் பட்டறை நடத்துகிறோம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் வாங்கி, வெல்டிங் போட்டு, பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) மாட்டி, வீட்டு இன்வெர்ட்டருக்கும் ஈ-ரிக்‌ஷாவுக்கும் பேக் செய்து கொடுக்கிறோம்.

சமீபத்தில் ஒரு ஆலோசகர் வந்து லேப்டாப்பில் ஒரு வரைபடம் காட்டினார். லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் ஓடும் சோடியம் அயனி பேட்டரிக்கு ஆண்டுதோறும் எத்தனை காப்புரிமை விண்ணப்பம் என்று. 2010 வரை தரையோடு கிடக்கிற கோடு, மெல்ல எழுந்து, 2020-க்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. ஆய்வுக்கட்டுரைகளுக்கும் அதே மாதிரி ஒரு கோடு. “காப்புரிமை இப்படி ஏறினால் மூன்று நான்கு வருடத்தில் சந்தையும் ஏறும். இப்போதே சோடியத்துக்குத் தனி லைன் போடுங்கள்” என்கிறார். மச்சானுக்கு ஆசை வந்துவிட்டது. வங்கிக் கடன் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

எனக்கு இரண்டு உறுத்தல். அந்தக் கோடு கடைசி இரண்டு ஆண்டுகளில் சரிகிறது. கேட்டால், “டேட்டா வரத் தாமதமாகும், கண்டுகொள்ளாதீர்கள்” என்கிறார். உண்மையா? அப்புறம், காப்புரிமை எண்ணிக்கையை வைத்து ஒரு தொழில்நுட்பம் எப்போது சந்தைக்கு வரும் என்று நிஜமாகவே சொல்ல முடியுமா? நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருந்தாலும் சொல்லுங்கள். டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்தவன், பொறுமையாகப் படிப்பேன்.

பதில்: வேதிமாணவன்

ஐயா, கட்டுரைகளின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சோடியம் அயனி செல்லில் ஆனோடுக்கு (எதிர்முனைக்கு) ஹார்டு கார்பன் என்ற கரிப்பொருளைப் போடுகிறார்கள். சோடியம் அதற்குள் நன்றாகப் போய் வருகிறது என்று கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸும் டானும் 2000-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். அன்று லித்தியம் மலிவாகவே கிடைத்தது. சோடியத்துக்கு அவசரம் இல்லை. 2011 வாக்கில் ஜப்பானில் கொமாபா குழு ஹார்டு கார்பனோடு முழு செல் கட்டிக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது. ஆகவே கட்டுரை வந்த ஆண்டிலிருந்து இத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுச் சந்தையைக் கணிக்க முடியாது. ஒரு பழைய கட்டுரையை மற்றவர்கள் திடீரென்று மேற்கோள் காட்டத் தொடங்கும் ஆண்டைப் பாருங்கள், அது நல்ல அறிகுறி.

பதில்: தேடல்காரி

பாலு சார், நான் சென்னையில் காப்புரிமைத் தேடல் வேலை பார்க்கிறேன். படித்தது காரைக்குடி சிக்ரியில், மின்வேதியியல். நீங்கள் கேட்டது என் படிப்பும் பிழைப்பும் சந்திக்கிற இடம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசியில் வரும் சரிவைப் பற்றி ஆலோசகர் சொன்னது சரிதான். காப்புரிமை விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பொதுவாக 18 மாதம் அது ரகசியமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் வெளியாகும். இன்று யார் எந்தத் தேடுபொறியில் பார்த்தாலும், கடைசி ஒன்றரை ஆண்டில் போட்ட விண்ணப்பங்களில் பெரும்பகுதி கண்ணில் படாது. அந்தச் சரிவைப் பார்த்து ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம். ஆனால் இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது: நீங்கள் பார்க்கிற எந்தக் கோடும் குறைந்தது ஒன்றரை வருடம் பழைய செய்தி. இதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஏறுகிற பகுதியில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஒரே கண்டுபிடிப்பை ஐந்து நாட்டில் பதிந்தால் ஐந்து ஆவணம் வரும். அவற்றைக் குடும்பமாகச் சேர்த்து ஒன்று என்று எண்ணினாரா, ஐந்தாக எண்ணினாரா என்று கேளுங்கள். அடுத்தது சீனா. சோடியம் அயனி விண்ணப்பங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அங்கே ‘பயன்பாட்டு மாதிரி’ என்று ஒரு வகை உண்டு: பத்தாண்டு ஆயுள், முழுப் பரிசோதனை இல்லாமலே பதிவாகிவிடும். அதையும் சேர்த்தால் எண்ணிக்கை ஊதிப்போகும். அதோடு பல ஆண்டுகள் உள்ளூர் அரசுகள் விண்ணப்பம் போட மானியம் கொடுத்தன. 2021-ல்தான் சீனக் காப்புரிமை அலுவலகம் அந்த மானியங்களை நிறுத்தச் சொன்னது.

இன்னொரு பொறி, வார்த்தைத் தேடல். ஒரு செப்பரேட்டர் (செல்லின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தாள்) பற்றிய விண்ணப்பத்தின் விளக்கத்தில் “இதை லித்தியம் அயனி, சோடியம் அயனி, மெக்னீசியம் அயனி பேட்டரிகளில் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி வழக்கமாகவே இருக்கும். அந்த வரியே ‘சோடியம்’ கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடும். முழு உரையில் தேடாமல், எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்கிற கோரிக்கைப் பகுதியில் மட்டும் தேட வேண்டும். கூடவே வகைப்பாட்டுக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். லித்தியம் அல்லாத உலோகம் உள்ளே போய் வரும் பேட்டரிகளுக்கு ஹெச்01எம் 10/054. அதில் மெக்னீசியம், அலுமினியம் எல்லாம் கலந்திருக்கும் என்பதால் சோடியம் என்ற சொல்லையும் கூடப் போடுங்கள். ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலும், லென்ஸ் தளத்திலும் இதெல்லாம் இலவசம். லென்ஸில் கூடுதல் வசதி, எந்தக் காப்புரிமை எந்த ஆய்வுக்கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்று பார்க்கலாம்.

இவ்வளவு சுத்தம் செய்த பிறகும் எண்ணிக்கை எனக்கு இரண்டாம் பட்சம்தான். பட்டா வாங்கியவர் எல்லாரும் வீடு கட்டுவதில்லை. ஹைட்ரஜன் எரிபொருள் செல்லைப் பாருங்கள். டொயோட்டா 2014 டிசம்பரில் மிராய் காரைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே அது தொடர்பான சுமார் 5,680 காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஒரே கம்பெனியிடம் அத்தனை இருந்தன. இன்று நம் சாலையில் எத்தனை ஹைட்ரஜன் கார் பார்க்கிறீர்கள்?

ஆவணத்தைத் திறந்து, அவர்கள் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்று படித்தால்தான் ஒரு தொழில்நுட்பம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும். சோடியத்தில் இது கண்ணெதிரே நடந்தது. தொடக்கத்தில் வந்த கோரிக்கைகள் எல்லாம் “இந்த வாய்பாடு உள்ள கேத்தோடு (நேர்முனை) பொருள்” என்ற மாதிரி. அது ஆய்வுக்கூடத்தின் பேச்சு. பிறகு பேச்சு மாறியது. சீன பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். 2021 ஜூலையில் தன் முதல் தலைமுறை சோடியம் செல்லை அறிவித்தபோது கேத்தோடுக்கு எடுத்தது பிரஷ்யன் ஒயிட். பிரஷ்யன் நீலம் என்ற நிறமியின் உறவுக்காரப் பொருள். இரும்பு, சயனைடு, சோடியம் சேர்ந்த கூடு. மலிவு. ஆனால் அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் மூலக்கூறு ஒளிந்துகொள்ளும். அது செல்லுக்குள் போனால் எலக்ட்ரோலைட் திரவத்தைக் கெடுக்கும். வெற்றிடத்தில் சூடாக்கி விரட்ட வேண்டும். விரட்டிய பிறகு சாதாரணக் காற்றில் வைத்தால் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். ஆகவே எப்படி உலர்த்துவது, எந்தப் பூச்சு போட்டால் ஈரம் ஏறாது என்று விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. அதைப் படிக்கும்போது ஒரு தொழிற்சாலையில் நிஜமாகவே பொருள் வீணாகிக்கொண்டிருக்கிறது, யாரோ ஒருவர் அதைச் சரிசெய்யத் தவிக்கிறார் என்று தெரியும். விற்க நினைக்காத பொருளுக்கு யாரும் உலர்த்தும் அறையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

மூன்றாவது படி, பேக். சோடியம் செல்லையும் லித்தியம் செல்லையும் ஒரே பேக்கில் கலந்து அடுக்குவதை சி.ஏ.டி.எல். அந்த அறிவிப்பிலேயே பேசியது. அப்படிக் கலக்கும்போது மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் எப்படிக் கையாள்வது என்கிற விண்ணப்பங்கள் உங்கள் தொழிலுக்கே நேராக வருகிற செய்தி. எனக்கு நேரம் குறைவென்றால் ஒரு துறையில் பொருள், உற்பத்தி முறை, பேக் என்ற மூன்றுக்கும் இடையே விகிதம் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பார்ப்பேன். மொத்தக் கோட்டைவிட அது பல மடங்கு சொல்லும்.

அப்புறம், பணம். உலகளாவிய விண்ணப்பம் ஒன்று போட்டவர் முதல் தேதியிலிருந்து 30 மாதத்துக்குள், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 31 மாதத்துக்குள், எந்தெந்த நாட்டுக்குள் போவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் வக்கீல், மொழிபெயர்ப்பு, கட்டணம். நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். காப்புரிமை கிடைத்த பிறகும் புதுப்பிப்புக் கட்டணம் இருக்கிறது; அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டில் கட்ட வேண்டும். எவை கட்டப்படாமல் விடப்பட்டன என்பது பொது ஆவணம். ஒரு கம்பெனியின் உண்மையான எண்ணம் அதன் பத்திரிகைச் செய்தியில் இருப்பதைவிட இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் வைத்திருக்கிற எல்.எஃப்.பி. செல்லின் கதையே நல்ல பாடம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் குழு 1997-ல் கட்டுரை வெளியிட்டது. அதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். கனடாவின் மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் உரிமம் எடுத்தது, கார்பன் பூச்சுக் காப்புரிமையும் சேர்ந்தது. அதன் மேல் பல நாட்டில் வழக்கு, ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான என்.டி.டி. 3 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. சீன உற்பத்தியாளர்கள் தங்கள் நாட்டுக்குள் விற்கிறவரை உரிமக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாட்டில் வளர்ந்தார்கள். முக்கியக் காப்புரிமைகளில் கடைசியாக வந்தவை 2022 வாக்கில் காலாவதியாகும் என்பது 20 ஆண்டுக் கணக்கு தெரிந்த யாருக்கும் பல வருடம் முன்பே தெரியும். 2021 அக்டோபரில் டெஸ்லா தன் ஸ்டாண்டர்டு ரேஞ்ச் கார்களை உலகம் முழுக்க எல்.எஃப்.பி.க்கு மாற்றுவதாகச் சொன்னது. நிக்கல், கோபால்ட் விலையும் காரணம்தான். ஆனால் காப்புரிமையை வைத்து என்னிடம் யாராவது ஒரு கணிப்புக் கேட்டால், எண்ணிக்கைக் கோட்டுக்கு முன்னால் காலாவதித் தேதிகளைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பதில்: பொருளியல் கண்ணன்

தேடல்காரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காப்புரிமை முன்னால் போகும், சந்தை பின்னால் வரும் என்ற எண்ணமே எப்போதும் சரியில்லை. ஜேக்கப் ஷ்மூக்ளர் என்ற பொருளியலாளர் 1960-களில் அமெரிக்க ரயில்வேயின் நீண்டகாலத் தரவுகளை எடுத்து, முதலீடு ஏறிய பிறகுதான் ரயில்வே காப்புரிமைகள் ஏறின என்று காட்டினார். தேவை இருக்கிற இடத்துக்குக் கண்டுபிடிப்பாளர்கள் போகிறார்கள். அப்படியானால் உங்கள் ஆலோசகரின் கோடு எதன் விளைவு என்றும் கேட்க வேண்டும்.

பதில்: தேடல்காரி

கண்ணன், நீங்கள் சொன்னது சோடியத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சீனாவில் லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்கு ஏறக்குறைய 6 லட்சம் யுவான் வரை போனது. 2023 முடிவில் சுமார் 1 லட்சத்துக்கு வந்துவிட்டது. விலை உச்சத்தில் இருந்தபோது ஆளாளுக்கு சோடியத்துக்கு ஓடினார்கள், விண்ணப்பம் போட்டார்கள். 18 மாதம் கழித்து அவை வெளியானபோது லித்தியம் மலிந்துவிட்டது. பாலு சார் பார்த்த செங்குத்து ஏற்றத்தில் ஒரு பெரிய பங்கு 2022-ன் லித்தியம் விலையின் எதிரொலி என்றுதான் நான் படிக்கிறேன்.

நல்ல காப்புரிமையும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. அமெரிக்காவின் நேட்ரான், பிரஷ்யன் நீல வகை சோடியம் செல்லில் பல ஆண்டு உழைத்த கம்பெனி. 2024-ல் வட கரோலினாவில் 140 கோடி டாலர் ஆலை என்று அறிவித்தது. 2025 செப்டம்பரில் மூடிவிட்டது. அதே 2025 ஏப்ரலில் சி.ஏ.டி.எல். தன் நாக்ஸ்ட்ரா சோடியம் செல்லை கிலோவுக்கு 175 வாட்-மணி என்று அறிவித்தது. முதல் தலைமுறையில் 160 சொன்னார்கள். ஆக, தொழில்நுட்பம் சாகவில்லை, நகர்கிறது. எந்த வேகத்தில் என்பதை லித்தியம் விலைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். அந்த விலை காப்புரிமை ஆவணத்தில் இருக்காது.

பதில்: ஓசூர் பாலு

மேடம், கண்ணன் சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எஸ்பாஸ்நெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன குறியீட்டோடு கோரிக்கைப் பகுதியில் மட்டும் தேடினால் பட்டியல் நன்றாகச் சுருங்குகிறது. சோடியம், லித்தியம் செல் கலந்து அடுக்குவது பற்றி ஒரு உலகளாவிய விண்ணப்பம் கண்ணில் பட்டது. கூடவே ஒரு தேடல் அறிக்கை. அதில் சில பழைய ஆவணங்களுக்கு எதிரே ‘எக்ஸ்’ என்றும் சிலவற்றுக்கு ‘ஏ’ என்றும் இருக்கிறது. அது என்ன? அந்த விண்ணப்பம் இருந்தால் நாங்கள் இங்கே கலப்புப் பேக் செய்யக் கூடாதா? தனி லைன் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மச்சானுக்குக் காட்ட வேண்டும்.

பதில்: தேடல்காரி

‘எக்ஸ்’ என்றால் அந்தப் பழைய ஆவணம் ஒன்றே போதும், இந்தக் கோரிக்கை புதிதல்ல அல்லது எளிதில் தோன்றக்கூடியது என்று பரிசோதகர் கருதுகிறார். ‘ஏ’ என்றால் பின்னணித் தகவல், ஆபத்தில்லை. முதல் கோரிக்கைக்கு எதிரே ‘எக்ஸ்’ இருந்தால் அது அப்படியே நிலைப்பது கஷ்டம், குறுக்கித்தான் வாங்குவார்கள். ஒரு துறையில் புதிய விண்ணப்பங்களுக்கு ‘எக்ஸ்’ குவியத் தொடங்கினால், அடிப்படை யோசனைகள் ஏற்கெனவே பதிவாகிவிட்டன, இனி வருவது சின்னச் சின்ன முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உலகளாவிய விண்ணப்பம் மட்டும் உங்களை எதற்கும் தடுக்காது. அது இந்தியாவுக்குள் வந்து, இங்கே காப்புரிமை கிடைத்தால்தான் பேச்சு. இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தின் தேடல் பக்கத்தில் விண்ணப்பதாரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். 31 மாதம் முடியாவிட்டால் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, கெடு தாண்டிச் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இங்கே காப்புரிமை கிடைத்த எதற்கும், அதை இந்தியாவில் பயன்படுத்துகிறார்களா என்று படிவம் 27 கொடுக்க வேண்டும். இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை. அதையும் பார்க்கலாம். விற்பனைக்கு இறங்கும் முன் ஒரு காப்புரிமை முகவரிடம் அந்தக் கோரிக்கைகளைக் காட்டிவிடுங்கள்.

தனி லைனுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. சோடியம் உங்களிடம் செல்லாகத்தான் வரப்போகிறது. ஈரம், உலர்த்தும் அறை எல்லாம் செல் செய்கிறவர் பாடு. அடுக்குவதும் வெல்டிங்கும் இப்போது செய்வதிலிருந்து பெரிதாக மாறாது. மாறுவது மின்னழுத்தம். எல்.எஃப்.பி. செல் பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். 16 செல் போட்டு 51.2 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்கள். சோடியம் செல் முழு சார்ஜில் 4 வோல்ட் அருகே தொடங்கி 1.5 வரை இறங்கக்கூடியது. 16 செல்லுக்கு அது 64-லிருந்து 24. இப்போதுள்ள இன்வெர்ட்டர் பாதியிலேயே அணைந்துவிடும், மீதிச் சக்தி செல்லுக்குள்ளேயே கிடக்கும். ஆகவே செலவழிப்பதானால் கொஞ்சம் மாதிரி செல் வாங்கி, இவ்வளவு அகலமான மின்னழுத்தத்தைத் தாங்கும் பி.எம்.எஸ்.ஸும் இன்வெர்ட்டரும் எங்கே கிடைக்கும் என்று தேடுவதில் செலவழியுங்கள். கடைசி வரை டிஸ்சார்ஜ் செய்து, உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிற இன்வெர்ட்டர் எந்த வோல்ட்டில் அணைகிறது என்று எழுதி வையுங்கள்.

காப்புரிமைப் பக்கம், இரண்டு தேடலைச் சேமித்து வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்: சோடியம் பேக்கின் பி.எம்.எஸ்., அகலமான மின்னழுத்தத்துக்கான இன்வெர்ட்டர். இந்த இரண்டிலும் இந்தியாவுக்குள் விண்ணப்பங்கள் வரத் தொடங்கி, கூடவே லித்தியம் கார்பனேட் விலையும் மறுபடி ஏறினால், அன்றைக்கு மச்சானோடு உட்கார்ந்து கடன் பற்றிப் பேசுங்கள். முதல் தேடலின் பட்டியலை இங்கே போட்டால் எவை வெறும் வார்த்தைக்காகச் சிக்கியவை என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.